நண்பரின் காரில் துப்பாக்கி – உரிமம் இருந்தா போதுமா?

அமெரிக்காவில் படிக்கும் சிங்கப்பூர் மாணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வகுப்புத் தோழர் தன் காரை இரவல் கொடுக்கிறார். "கடைக்குப் போய்ட்டு வா, பெட்ரோல் மட்டும் போட்டுடு." மாணவர் பாதி வழியில் டிஷ்யூ தேடி டேஷ்போர்டுப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே கைத்துப்பாக்கி.

தோழரிடம் உரிமம் இருக்கிறது. துப்பாக்கியும் சட்டப்படி வாங்கியதுதான். ஆனால் அவர் இப்போது காரில் இல்லை. பின்னால் போலீஸ் வாகனத்தின் விளக்கு சுழல்கிறது.

துப்பாக்கியை 'வைத்திருப்பவர்' யார்? தோழரா, மாணவரா?

பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: உரிமம் ஆளோடு போய்விடும். துப்பாக்கி காரோடு நின்றுவிடும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

உரிமம் யாருக்கு? காருக்கா, ஆளுக்கா?

ஆளுக்குத்தான்.

ஓட்டுநர் உரிமத்தை யோசித்துப் பாருங்கள். அப்பாவிடம் உரிமம் இருக்கிறது என்பதற்காக, உரிமம் இல்லாத மகன் அவருடைய காரை ஓட்ட முடியாது. துப்பாக்கி உரிமமும் அப்படித்தான். அதை வாங்கியவருக்கு மட்டுமே அது பாதுகாப்பு. அவருடைய காரில் ஏறுபவருக்கோ, அந்தக் காரை இரவல் வாங்குபவருக்கோ அது தானாகப் பொருந்தாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் வேறொருவர் காரில் ஏறும்போதும் கேள்வி எழும். டெக்சஸ் சட்டத்தைப் படித்தால், 'தனக்குச் சொந்தமான அல்லது தன் கட்டுப்பாட்டில் உள்ள வாகனம்' என்ற சொற்கள் வரும். அதாவது, சொந்தக் காரில் வைத்திருப்பதும் அடுத்தவர் காரில் பயணியாக உட்கார்ந்து வைத்திருப்பதும் சட்டத்தின் கண்ணுக்கு எப்போதும் ஒன்றல்ல.

'இப்போ பல மாநிலங்கள்ல உரிமமே தேவையில்லையாமே?' என்று கேட்கலாம். உண்மைதான். 2024ஆம் ஆண்டு நிலவரப்படி 29 மாநிலங்களில், தகுதியுள்ள பெரியவர்கள் தனி உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்தத் 'தகுதியுள்ள' என்ற சொல் முக்கியம். வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

இரவல் காரில் நான்கு பேர்

1973ஆம் ஆண்டு மார்ச் மாதம். நியூயார்க் மாநில நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்ற கார் ஒன்றைப் போலீஸ் நிறுத்தியது. உள்ளே 3 ஆண்கள், 16 வயதுப் பெண் ஒருவர். கார், ஓட்டியவருடைய சகோதரருடையது. அன்றுதான் இரவல் வாங்கியிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் திறந்திருந்த கைப்பையில் 2 பெரிய கைத்துப்பாக்கிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பூட்டிக் கிடந்த 'பூட்' பகுதியை உடைத்துத் திறந்தபோது இயந்திரத் துப்பாக்கியும் ஹெராயினும் கிடைத்தன. அதன் சாவி நால்வரிடமும் இல்லை.

'பை அந்தப் பொண்ணோடது, எங்களுக்கென்ன?' என்று மற்றவர்கள் கேட்பது இயல்புதானே?

ஆனால் நியூயார்க் சட்டத்தில் ஓர் ஊகம் இருக்கிறது. காரில் துப்பாக்கி கண்டெடுக்கப்பட்டால், அதில் இருக்கும் எல்லாருமே அதைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகக் கருதலாம் என்கிறது அது. நடுவர் குழு நால்வரையும் கைத்துப்பாக்கி வழக்கில் குற்றவாளிகள் என்றது. 'பூட்'டில் இருந்த பொருள்கள் தொடர்பான வழக்கில் நால்வரையும் விடுவித்தது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1979இல் 5-4 என்ற கணக்கில், அந்த வழக்கின் சூழலில் ஊகம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. துப்பாக்கிகள் எல்லார் கண்ணிலும் படும்படி, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முக்கியக் காரணங்களில் ஒன்று.

அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகளும் உண்டு. துப்பாக்கி ஒருவரின் உடலிலேயே இருந்தால், மற்றவர்கள்மீது ஊகம் பாயாது. காரில் இருப்பவர்களில் ஒருவரிடம் அந்தக் கைத்துப்பாக்கிக்கான செல்லுபடியாகும் உரிமம் இருந்தாலும் பாயாது.

கவனித்தீர்களா? 'காரில் இருப்பவர்களில் ஒருவரிடம்'. உரிமம் உள்ள நண்பர் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டு இறங்கிப் போனால், அந்தப் பாதுகாப்பும் அவரோடு இறங்கிவிடும்.

நியூயார்க் பிற மாநில உரிமங்களை ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாநிலத்தில் வாங்கிய உரிமம் இங்கே வெறும் அட்டை.

கையால் தொடவே இல்லை... அதுவும் குற்றமா?

ஆகலாம்.

ஒரு பொருள் கையில் இல்லாவிட்டாலும், அதைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பும் எண்ணமும் ஒருவரிடம் இருந்தால், அவர் அதை 'வைத்திருப்பதாக' அமெரிக்கச் சட்டம் பார்க்கிறது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை மீண்டும் விளக்கியது.

எனவே நீதிமன்றங்கள் பொதுவாக இவற்றைப் பார்க்கும்:

• துப்பாக்கி அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியுமா?
• கையை நீட்டினால் எடுக்க முடியுமா? பூட்டிய பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது?
• காரை ஓட்டியது யார்? கார் எவ்வளவு நேரம் உங்கள் பொறுப்பில் இருந்தது?
• பக்கத்தில் உங்கள் பொருள்கள் ஏதும் இருந்தனவா?

'துப்பாக்கி யார் பேரில் வாங்கியது?' என்பது இந்தக் கேள்விகளில் ஒன்றாக மட்டுமே இருக்கும். தெரியாமல் ஓட்டியவருக்கும், தெரிந்தபின் தொடர்ந்து ஓட்டியவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நம் கற்பனை மாணவர் பெட்டியைத் திறந்த அந்த நொடியில், 'எனக்குத் தெரியாது' என்ற பதில் அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

காரில் எங்கே வைக்கலாம்?

கார்களிலிருந்து துப்பாக்கி திருடுபோவது அமெரிக்காவில் பெரிய தலைவலி. அதனால் சில மாநிலங்கள் ஆளில்லாத காரில் துப்பாக்கியை எப்படி வைக்கவேண்டும் என்று தெளிவாகவே எழுதிவைத்திருக்கின்றன.

கொலராடோ: 2025 ஜனவரி 1 முதல், ஆளில்லாத காரில் விட்டுச்செல்லும் கைத்துப்பாக்கி, பூட்டிய கெட்டியான பெட்டிக்குள், வெளியே தெரியாதபடி இருக்கவேண்டும். காரும் பூட்டியிருக்கவேண்டும்.

கலிஃபோர்னியா: 'பூட்'டில் வைத்துப் பூட்டவேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் வெளியே தெரியாமல் வைக்கவேண்டும்.

நியூயார்க்: தோட்டாவை அகற்றி, பூட்டக்கூடிய பாதுகாப்புப் பெட்டியில், பார்வைக்குப் படாமல் வைக்கவேண்டும். 2022இல் வந்த சட்டப்படி, டேஷ்போர்டுப் பெட்டி அந்தக் கணக்கில் சேராது.

படங்களில் கதாநாயகன் துப்பாக்கியை எடுப்பது பெரும்பாலும் அந்த டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்துதான். நிஜத்தில் அதுதான் வம்பான இடம்.

எல்லை தாண்டினால்?

நெடும்பயணத்துக்கு மத்திய அரசாங்கச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1986இல் வந்த சட்டப்படி, துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஓரிடத்திலிருந்து அப்படிப்பட்ட இன்னோரிடத்துக்கு, வழியில் உள்ள கண்டிப்பான மாநிலங்களைக் கடந்து கொண்டுபோகலாம். ஆனால் தோட்டா போட்டிருக்கக்கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்து எட்டக்கூடாது. தனி 'பூட்' இல்லாத காராக இருந்தால், பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். டேஷ்போர்டுப் பெட்டி இங்கும் செல்லாது.

பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுசெல்வதற்கும் மத்திய அரசாங்கச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடு உண்டு. அந்த மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தாலோ, தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தாலோ விலக்கு. பள்ளி இல்லாத ஊர் எது? இரவல் காரில் மற்றவரின் துப்பாக்கியோடு போகும்போது இதையும் யோசிக்கவேண்டும்.

நாட்டு எல்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். நயாகரா அருவியை மறுகரையிலிருந்து பார்க்கலாம் என்று நண்பரின் காரில் கனடாவுக்குள் நுழைகிறீர்கள். அங்கே அமெரிக்க உரிமத்துக்கு மதிப்பில்லை. 'காரில் இருந்ததை மறந்துட்டேன்' என்று சொன்னால் சுங்க அதிகாரி விட்டுவிடமாட்டார்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு

நம்ம ஆட்களுக்கு முக்கியமான பகுதி இதுதான்.

குடியேற்றம் சாராத விசாவில் அமெரிக்காவுக்குப் போனவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய அரசாங்கச் சட்டம் தடை போடுகிறது. மாணவர் விசாவும் சுற்றுலா விசாவும் அந்த வகைதான். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தடையை மீறினால் அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. 2022வரை அது 10 ஆண்டாக இருந்தது.

மாநிலத்தில் யாரும் உரிமம் கேட்காவிட்டாலும் இந்தத் தடை அப்படியே இருக்கும். துப்பாக்கிக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் நாடுகடத்தப்படும் வாய்ப்பும் உண்டு. படிப்பு, வேலை எல்லாம் அதோடு சேர்ந்து போகும்.

ரெஹைஃப் வழக்கு இதற்கு உதாரணம். மாணவர் விசாவில் ஃபுளோரிடா வந்தவரைப் பல்கலைக்கழகம் நீக்கியது. பிறகு அவர் சுடுபயிற்சி மையத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினார். சட்டபூர்வ நிலையை இழந்தபின் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்குப் பதிவானது. 18 மாதச் சிறை. 2019இல் உச்ச நீதிமன்றம், துப்பாக்கி வைத்திருந்ததோடு, தடைசெய்யப்பட்ட நிலையில் இருப்பதும் அவருக்குத் தெரியும் என்று அரசாங்கத் தரப்பு நிரூபிக்கவேண்டும் என்றது. சட்டத்தில் முக்கியமான தீர்ப்பு. ஆனால் அதுவரை அந்த இளைஞர் கடந்து வந்ததை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரில்?

சிங்கப்பூரில் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. மலேசியாவில் 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர் என்று தெரிந்தே அவரோடு சேர்ந்திருப்பதும் இரு நாட்டிலும் தனிக் குற்றம்.

இங்கே வளர்ந்தவர்களுக்கு நண்பரின் காரில் துப்பாக்கி இருக்கும் என்ற நினைப்பே வராது. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா போகும்போதுதான் கேட்கவேண்டியதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்?

காரை இரவல் வாங்கும் முன் நேரடியாகக் கேளுங்கள்: "கார்ல துப்பாக்கி ஏதும் இருக்கா?" அமெரிக்காவில் அது மரியாதைக் குறைவான கேள்வியல்ல.

'இருக்கு' என்றால், காரைக் கொடுப்பதற்கு முன் அவரையே எடுத்துவிடச் சொல்லுங்கள். "நான் வீட்ல வச்சிடறேன்" என்று நீங்கள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் விசாவில் இருப்பது தெரிந்தே துப்பாக்கியைக் கொடுத்தால், நண்பரும் சிக்கலில் மாட்டலாம்.

வழியில் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி, உரிமையாளரை அழைத்து, வந்து எடுக்கச் சொல்லுங்கள்.

போலீஸ் நிறுத்தினால், கைகளை ஸ்டியரிங்மீது தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டுப் பெட்டியை நோக்கிக் கை போகவேண்டாம். துப்பாக்கி இருப்பதை உடனே சொல்லவேண்டும் என்று மிச்சிகன் போன்ற மாநிலங்கள் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதித்திருக்கின்றன. மற்றபடி, துப்பாக்கி யாருடையது, எப்படி வந்தது போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முன் வழக்கறிஞரிடம் பேசும் உரிமை உங்களுக்கு உண்டு. விசாவில் இருப்பவர்கள் குடிநுழைவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையும் கலந்துபேசுவது நல்லது.

காரின் சாவியைக் கையில் வாங்கும்போது, அதற்குள் இருப்பவற்றின் பொறுப்பையும் சேர்த்து வாங்குகிறீர்கள். நண்பரின் உரிமம் அவர் பர்ஸில்தான் இருக்கும்.