மேகத்தோட தடிமனும் தப்பான கணக்கும்

என் மாமா ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில சேவிங் மெஷின் ஓட்டுறவர். போன தடவை ஊருக்குப் போனப்ப, "என்னாடா, நீயும் கம்ப்யூட்டர் முன்னாடியே குந்தினு கீற, மழையை ஒழுங்கா சொல்றாப்ல ஒரு புரோகிராம் எழுதக் கூடாதா?"ன்னார். 2021 நவம்பர்ல பாலாறு பொங்கி ஓடினதிலிருந்து மழை வந்தாலே இந்தப் பேச்சுதான்.

"பெரிய கம்ப்யூட்டர் வாங்கியாச்சு மாமா"ன்னு சமாளிச்சேன். பொய் இல்லை. 2024 செப்டம்பர்ல புனேவுக்கு 'அர்கா', நொய்டாவுக்கு 'அருணிகா' வந்தது. 2025 மே மாசம் நம்ம வானிலை மாடலோட கட்டம் 12 கிலோமீட்டரிலிருந்து 6 ஆச்சு. சந்தோஷம்தான். ஆனா கட்டத்தைப் பொடிசாக்கினா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பு.

கலிஃபோர்னியா, பெரு, நமீபியா கரையோரமா கடல் மேல தாழ்வா ஒரு மேகப் படலம் நிக்கும். பெரிய மழை கிடையாது, அதனால நாம கண்டுக்கறதில்லை. ஆனா வெயிலைத் திருப்பி அனுப்பி பூமியைக் குளுமையா வெச்சிருக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. பூமி எவ்வளவு சூடாகும்னு மாடல்கள் ஆளுக்கொரு நம்பர் சொல்றதுக்கு முக்கியக் காரணமும் இந்தத் தாழ்வான மேகங்கள்தான்.

மாமாவுக்கு இப்படிச் சொன்னேன்: அது ஒரு தோல் மாதிரி. பரப்பு நூத்துக்கணக்கான கிலோமீட்டர், தடிமன் சில நூறு மீட்டர். ஆறு கிலோமீட்டர் கட்டத்தால அதைப் பிடிக்கறது, சதுர அடி அளக்கற டேப்பால 1.2 மில்லிமீட்டர் தடிமனை அளக்கற கதை. சிரிச்சார்.

சரி, கேஜ் வாங்கிட்டா? 2001 ஜூலையில கலிஃபோர்னியா கடல் மேல விமானத்துல பறந்து இந்த மேகத்தை அளந்தாங்க. அதே ராத்திரியை பல குழுக்கள் தங்களோட மாடல்ல ஓட்டிப் பார்த்தாங்க. செங்குத்தா கட்டம் வெறும் 5 மீட்டர்! அப்பவும் நிறைய மாடல்ல மேகம் நிஜத்தைவிட மெலிஞ்சு போச்சு.

ஏன்? மேகத்தோட தலைக்கு மேல சூடான வறண்ட காத்து, கீழே குளிர்ந்த ஈரக் காத்து. நடுவுல கோடு போட்ட மாதிரி சுமார் 8 டிகிரி தாவல். கம்ப்யூட்டர் கணக்கு அந்தக் கோட்டை மழுப்பிடும், ஒரு சாயம் பக்கத்துச் சாயத்துல கசியற மாதிரி. நிஜத்துல நடக்காத கலப்பு கணக்குல நடக்கும். வறண்ட காத்து உள்ளே இறங்கி மேகத்தைக் குடிச்சிடும்.

2017-ல பிரெஸல், சித்தார்த்த மிஷ்ரா, ஷ்னைடர் குழு இதே மேகத்தை வேற வேற கணக்கு முறையில ஓட்டினாங்க. 'வீனோ'ன்னு ஒரு முறை இருக்கு. தாவல் இருக்கற பக்கத்தை முடிஞ்சவரை தவிர்த்து, வழவழன்னு இருக்கற பக்கத்துப் புள்ளிகளை நம்பிக் கணக்குப் போடும். கூடுதலா கலக்கல் ஃபார்முலா எதுவும் சேர்க்காம அதை மட்டும் போட்டப்ப மேகம் நிஜத்துக்கு நெருக்கமா நின்னுச்சு.

காலேஜ்ல எனக்கும் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இருந்தது. பதினாறு மார்க் கேள்விக்கு ஃபார்முலா மனப்பாடம். பிழை எங்கே போய் ஒளிஞ்சுக்கும்னு ஒருத்தரும் சொல்லலை, நானும் கேட்கலை :-( அடுத்த சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பணம் ஒதுக்கறப்ப, இந்தக் கணக்கை எழுதறவங்களுக்கும் பத்து வேலையாவது ஒதுக்குங்கப்பா. கணிதமும் கோடிங்கும் தெரிஞ்ச பசங்க பாதிப் பேர் என்னை மாதிரி ஏதோ ஒரு பேங்க்கோட ஸ்கிரீனுக்கு பட்டன் வெச்சுட்டிருக்கோம்.