அரை நொடியில் அகப்பட்ட சூழ்ச்சி!

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா. அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டுக்கு வீடு நீர்மோர் கொடுப்பார்கள். பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள். ஒருவர் அரிசி தருவார். இன்னொருவர் பருப்பு தருவார். முன்பின் தெரியாதவரும் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போவார்.

யாரும் கொடுக்கலாம். யாரும் சாப்பிடலாம். ஆனால், வந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டும் அல்லவா?

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படி ஒரு பொதுப் பந்தல் உண்டு. அதற்குத் 'திறந்த மூல மென்பொருள்' என்று பெயர்.

ஒட்டுப் போடுகிறவர்கள்

மென்பொருள் என்பது கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு. பல கம்பெனிகள் இந்தக் கட்டளைகளை ரகசியமாக வைத்துக்கொள்ளும். திறந்த மூல மென்பொருளில் ரகசியம் இல்லை. யாரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். இந்தத் திருத்தத்தைத்தான் 'பேட்ச்' என்கிறார்கள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது போன்றது அது.

ஒட்டை ஏற்பதா, தள்ளுவதா என்று பார்த்து முடிவு செய்கிறவர் பராமரிப்பாளர்.

இது எங்கோ நடக்கும் விஷயம் அல்ல. அடையாறை அடுத்த தரமணியில் 'சி-டாக்' என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இருக்கிறது. 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் அங்கு உருவாயிற்று. 2007-ல் வெளிவந்தது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்திலும் அது இடம் பெற்றது. அதற்கு அடிப்படை, உலகெங்கும் உள்ள தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கும் 'டெபியன்' என்ற மென்பொருள்.

ஆகவே, டெபியனுக்கு ஆபத்து என்றால் நமக்கும் கவலைதான். 2024-ல் அப்படி ஓர் ஆபத்து வந்தது.

நல்லவன் வேஷம்

'எக்ஸ் இசட்' என்பது ஒரு சிறிய மென்பொருள். பெரிய கோப்புகளைச் சுருக்குவது அதன் வேலை. லினக்ஸ் உள்ள இடமெல்லாம் பெரும்பாலும் அதுவும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் பின்லாந்து நாட்டின் லாஸ்ஸி காலின். சம்பளம் இல்லை. ஓய்வு நேரத்தில் செய்து வந்தார்.

2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஓர் ஆசாமி திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். அவை உபயோகமாகவே இருந்தன.

2022-ல் வேறு சில பெயர்களில் புகார்கள் வந்தன. வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள் என்று காலினை நெருக்கினார்கள். தம் மனநலம் சரியில்லை, இது ஊதியமில்லாத வேலை என்று அவர் பதில் எழுதினார். நெருக்கடி நிற்கவில்லை. முடிவில் ஜியா டான் கைக்குச் சாவி போயிற்று.

புகார் செய்தவர்களும் போலிப் பெயர்களே என்று விஷயத்தை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

காட்டியது ஒன்று, கட்டியது வேறு

2024 பிப்ரவரியில் 5.6.0 என்ற பதிப்பு வந்தது. மார்ச்சில் 5.6.1 வந்தது. இரண்டிலும் கள்ள வாசல் இருந்தது! தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழியில், ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும் புகுந்து கட்டளை இடலாம்.

சூழ்ச்சியைப் பாருங்கள். கெட்ட சரக்கு, சோதனைக்கான கோப்புகளில் மறைக்கப்பட்டது. மனிதர் படிக்கக்கூடிய எழுத்தில் அது இல்லை. அதைக் கிளப்பிவிடும் கட்டளையோ, எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்கப்படவே இல்லை. விநியோகத்துக்குக் கட்டிய பொட்டலத்தில் மட்டும் சேர்க்கப்பட்டது. தியாகராயநகர் கடையில் ஒரு புடவையைக் காட்டிவிட்டு, வேறொன்றைப் பையில் போட்டுக் கொடுத்தால் எப்படி? அதே வித்தை!

குட்டு வெளிப்பட்டது

மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை செய்யும் ஆண்டிரஸ் பிராயண்டு என்பவர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள் நுழைய 0.3 நொடி ஆகவேண்டிய இடத்தில் 0.8 நொடி ஆயிற்று. அரை நொடிதானே என்று அவர் விடவில்லை. தோண்டினார். 2024 மார்ச் 29-ல் உலகுக்கு அறிவித்தார்.

டெபியனின் சோதனைப் பதிப்பு வரை விஷம் வந்துவிட்டது. பொதுமக்கள் உபயோகிக்கும் நிலையான பதிப்பை எட்டவில்லை. 'ஜியா டான்' யார் என்பது இன்றும் வெளியாகவில்லை.

கற்க வேண்டியது என்ன?

திறந்து வைத்ததால்தான் திருடன் வந்தான் என்று சிலர் சொல்லலாம். ஆனால், திறந்திருந்ததால்தான் பிராயண்டு உள்ளே பார்த்துத் திருட்டைக் கண்டுபிடித்தார். குறை திறந்திருப்பதில் இல்லை. காவலுக்கு ஒருவரே இருந்ததில்தான் குறை.

ஒட்டு அனுப்பியவர் நல்லவரா என்று பார்த்தால் போதாது. ஒட்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பரீட்சை பார்ப்பதற்காக லினக்ஸுக்கு வேண்டுமென்றே பிழையான திருத்தங்களை அனுப்பினார்கள். விஷயம் வெளிப்பட்டதும் 2021 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் திருத்தங்களுக்கே தடை விழுந்தது. படித்தவர் பெயரும் உத்தரவாதம் அல்ல!

நல்ல பராமரிப்பாளர் கேட்கும் கேள்விகள் எளியவை. இந்தத் திருத்தம் எதற்கு? சொன்ன வேலையை மட்டும் செய்கிறதா? படிக்க முடியாத கோப்பு ஏன் வந்தது? இரண்டாவது ஆள் பார்த்தாரா? வெளியே வைத்த மூலமும் கட்டிய பொட்டலமும் ஒன்றா? ஏன் இந்த அவசரம்?

கடைசிக் கேள்வி முக்கியம். அவசரப்படுத்துகிறவரிடம் எச்சரிக்கை தேவை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று போனில் மிரட்டும் மோசடிக்காரர்களும் இதே தந்திரத்தைத்தான் கையாளுகிறார்கள்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் வேலை உண்டு. மென்பொருளை உரிய இடத்திலிருந்தே பெறவேண்டும். புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப்போடக் கூடாது.

இந்தப் பந்தலில் பெரிய கம்பெனிகளும் அரசாங்கங்களும் சாப்பிடுகின்றன. சாப்பிடுகிறவர் கோடிப்பேர். அரிசியில் கல் பொறுக்குகிறவரோ ஒருவர். அவரும் களைத்திருந்தார். அவருக்குத் துணையாக இன்னும் நான்கு பேரை உட்கார வைத்து, கூலியும் கொடுப்பது சாப்பிடுகிறவர்களின் கடமை. ஒவ்வொரு முறையும் அரை நொடி வந்து காப்பாற்றாது!