சோறு போட்டால் ஆறு மாதம்

"உப்புக் காய்ச்சினா வெள்ளைக்காரன் போயிருவானா?"

ஏற்காடு ஏரிக்கரைக் கடையில் மிளகாய் பஜ்ஜியும் கையுமாக ஒரு பெரியவர் கேட்டார். கேட்டது தன் மச்சானிடம். காதில் விழுந்தது கடை முழுவதற்கும். தொடர்ந்து, வெள்ளைக்காரனை விரட்டியது கப்பற்படைக் கலகம்தான், முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி யாரிடமோ சொன்னதாக யாரோ எழுதிய கடிதம் என்று வாட்ஸ்அப் சரக்கு மொத்தமும் இறங்கியது. கடைசியில், "அகிம்சைன்னா அடி வாங்கிட்டுச் சும்மா கெடக்கிறதுதான்" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். மச்சான் தலையாட்டினார். எனக்குப் பஜ்ஜி இறங்கவில்லை.

இந்த ஞானம் இப்போது ஊரெல்லாம் மலிந்து கிடக்கிறது. கல்யாணப் பந்தியில் கிடைக்கிறது, டவுன் பஸ்ஸில் கிடைக்கிறது, முடிவெட்டும் கடையிலும் கிடைக்கிறது. மற்ற இடங்களில் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு பேசுவதுதான் எனக்கு ஆறவில்லை. காரணம், வைரப்பன்.

வைரப்பனுக்கு வருமுன் கொஞ்சம் நடக்க வேண்டும். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு பேர் உப்பெடுக்க வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். தலைமை ராஜாஜி; சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகவும் ஆன நம்மூர் ராஜாஜிதான். சித்திரை வெயிலில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். மலையேறும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவில் கார் ஏசி மக்கர் செய்தால் டிரைவரைக் கடிந்துகொள்கிறவர்கள், அந்த நடையைச் 'சும்மா' என்கிறார்கள்.

தஞ்சை கலெக்டர் தார்ன் அப்படி நினைக்கவில்லை. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில் என்று கிராமம் கிராமமாகத் தண்டோரா போட்டார். நான் கேட்கிறேன்: சும்மா நடந்து போகிறவனுக்கு ஒரு பிடி சோறு போடுவதைத் தடுக்கச் சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் எதற்காக இத்தனை மெனக்கெட வேண்டும்? ஜனங்கள் சளைக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் நாணலுக்கடியில் ஒளித்து வைத்தார்கள். போலீஸ் வந்து பார்த்தால் மரம் நிற்கிறது. மரத்துக்கு விலங்கு மாட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இல்லை.

இனி வைரப்பன். வேதாரண்யத்து முடிதிருத்தும் தொழிலாளி. அங்கே போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை, துணி வெளுப்பதில்லை என்று தொழிலாளர்கள் முடிவு செய்திருந்த நேரம். சாதாரண உடுப்பில் வந்த ஒருவருக்கு வைரப்பன் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பாதி ஆனபோது ஆள் போலீஸ் என்று தெரிகிறது. கத்தியை மடக்கிவிட்டார். கோர்ட்டில், மீதியையும் மழித்துவிடு என்று நீதிபதி சொன்னபோது, அடைப்பத்தை எடுத்து நீட்டி, முடிந்தால் ஐயாவே செய்துவிடுங்கள் என்றாராம். ஆறு மாதம் உள்ளே போனார். உப்பெடுத்த ராஜாஜிக்கும் ஆறு மாதம்தான்.

பஜ்ஜிப் பெரியவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் ஆயுதம் இருந்தது யார் கையில்? போலீஸ்காரரின் தொண்டைக்கு நாலு விரல் தள்ளி, நன்றாகத் தீட்டிய கத்தியோடு நின்றவர் வைரப்பன். கோழை ஒன்று முழுதாக மழித்துக் காசு வாங்கியிருப்பான், அல்லது வேறு ஏதாவது செய்துவிட்டு ஓடியிருப்பான். இவர் இரண்டும் செய்யவில்லை. பாதி முகத்தோடு ஒரு அரசாங்கத்தைத் தெருவில் நடக்கவிட்டார். ஒரு போலீஸ்காரரைக் காயப்படுத்தியிருந்தால் மறுநாள் துப்பாக்கியோடு ஐம்பது பேர் வந்திருப்பார்கள், வந்த வேலையும் சுலபமாக முடிந்திருக்கும். பாதித் தாடிக்கு என்ன செய்வார்கள்? பீரங்கியா கொண்டு வர முடியும்? கலெக்டர் தார்னே, அரசாங்கத்தின் மீது ஜனங்களுக்குப் பக்தி என்று ஒன்று இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் மேலிடத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. வாட்ஸ்அப்பில் இது வராது.

கப்பற்படைக் கலகம் என்கிறீர்களே, 1946 பிப்ரவரியில் பம்பாயில் அது எப்படித் தொடங்கியது தெரியுமா? 'தல்வார்' தளத்து மாலுமிகள் இந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டோம், வேலையும் செய்யமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். உண்ணாவிரதம்! நம் தொண்டர்கள் தஞ்சை ஜில்லாவில் நடந்துகொண்டிருந்த அதே 1930 ஏப்ரலில், பெஷாவரில் நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுடச் சொன்னபோது சந்திர சிங் கட்வாலியும் அவர் ஆட்களும் மாட்டோம் என்றார்கள். அவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்தியதும் வைரப்பன் கத்தியை மடக்கியதும் ஒரே காரியம்தான்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது: வெள்ளைக்காரன் நல்லவன், அதனால்தான் அகிம்சை பலித்தது என்பவர்கள். ஏற்காட்டில் இவர்களுக்குக் குறைவே இல்லை. பழைய பங்களாவில் அறை எடுத்து, சுவரில் மாட்டிய துரையின் படத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, "காக்பர்ன் துரை காபி கொண்டுவரலைன்னா இந்த மலை என்ன ஆயிருக்கும்" என்று உருகுவார்கள். மலை மலையாகவே இருந்திருக்கும், வேறென்ன? 1859-ல் ஒரு சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம்வரை ஜெயில். தென்னிந்தியத் தோட்டத் துரைமார்களுக்கு அது செல்லச் சட்டம். நல்லவர்கள்தான். திருப்பூர்க் குமரனின் மண்டையை 1932 ஜனவரியில் தடியால் பிளந்ததும் இந்த நல்ல அரசாங்கத்தின் போலீஸ்தான்.

அவ்வளவு தூரம் போவானேன். இதே சேர்வராயன் மலையின் கிழக்கே மஞ்சவாடிக் கணவாய். 2018-ல் அந்த வழியாகச் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வருகிறது என்று கல் நட வந்தார்கள். விவசாயிகள் குண்டு வீசவில்லை. வயலில் உட்கார்ந்தார்கள், நட்ட கல்லைப் பிடுங்கினார்கள், கைதானார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தோற்ற பிறகும் சாலை வரவில்லை. அன்றைக்கும் "இவங்க உக்காந்தா நின்னுருமா" என்று கேட்ட புத்திசாலிகள் சேலத்தில் நிறைய. அவர்கள் இப்போது வேறு விஷயம் பேசுகிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அகிம்சையின் மானத்தை வாங்கியதில் அதன் எதிரிகளைவிட நம் கட்சிக்காரர்களுக்கே பங்கு அதிகம். சேலம் கோட்டை மைதானத்தில் 'அடையாள உண்ணாவிரதம்' பார்த்திருப்பீர்கள். காலை டிபனை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் பந்தலுக்கு வருவார்கள். மின்விசிறி உண்டு, வாடகை நாற்காலி உண்டு, தலைவர் படம் போட்ட பேனர் பன்னிரண்டடி. மாலை ஐந்துக்குப் பழச்சாறு. 1930-ல் சோறு போட்டவனைத் தேடிப் போலீஸ் ஊர் ஊராக அலைந்தது. இங்கே பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையா, பந்தல் நிழலில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருக்கிறார், ஐந்தரைக்குள் நாற்காலிகளை எடுத்தால்தான் அடுத்த கட்சிக்கு இடம் விடமுடியும் என்று.