மருந்துச் சாளரத்தில் நின்ற மாமா

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் முதிர்ந்த வயதில் மறையும்போது வெளியாகும் அஞ்சலிக் குறிப்பு பெரும்பாலும் மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. பெயர், வயது, பதவி. மருத்துவருக்கு நினைவு மலர் உண்டு. ஆசிரியருக்கு மாணவர் எழுதும் கட்டுரை உண்டு. நாற்பதாண்டுக் காலம் மருந்துச் சாளரத்தின் உட்புறம் நின்றவருக்கு உறவினரின் கண்ணீர் மட்டுமே எஞ்சுகிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இத்தலைமுறையினர் ஒவ்வொருவராக விடைபெறும் இந்நாளில், இக்குறையைக் குடும்பத்தின் குறையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. ஒரு வட்டாரத்தின் நலவாழ்வு வரலாறே அவர்களோடு சேர்ந்து மறைகிறது.

1930களில் சித்தூரில் பிறந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பிறந்தபோது அவர் சென்னை மாகாணத்தவர். 1911இல் உருவான அம்மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது; 1956இல் அது ஆந்திரப் பிரதேசமாயிற்று. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. வீட்டை விட்டு ஓரடி நகராமலே ஒருவரது முகவரி இத்தனை முறை மாறியது. அலுவலகக் கோப்பு தெலுங்குக்கும் ஆங்கிலத்திற்கும் சென்றது. வீட்டில் தமிழ் தங்கிற்று. மருந்துச் சாளரத்தில் மூன்றும் கலந்தன. "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று ஒரு மூதாட்டிக்குச் சொன்ன அதே மூச்சில், அடுத்து நின்றவருக்குப் "பொத்துன ஒகட்டி, ராத்திரி ஒகட்டி" என்று சொல்லவேண்டியிருந்தது. மாமா என்னும் முறைச்சொல் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவாக அமைந்தது ஒரு நற்பேறு எனலாம். தெருவே அவரை அவ்வாறு அழைத்ததற்கு மொழி தடையாகவில்லை.

அவர்கள் கற்ற தொழிலும் இன்று அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. மாத்திரைப் பட்டைகள் பெருகாத காலத்தில் மருத்துவமனைக்கு வருவோர் கையில் புட்டியோடு வந்தனர். மருந்துகளை நிறுத்து, அளந்து, கலந்து ஊற்றிக் கொடுப்பதே பணி. வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்ட, ஓரம் கத்தரித்த காகிதப் பட்டை ஒன்று புட்டியின் புறத்தில் ஒட்டப்பட்டது. எழுத்தறியாதவரும் அளவு தவறாமல் குடிக்க உதவிய அப்பட்டையைக் காட்டிலும் எளிய அறிவுறுத்தல் இன்றுவரை அமையவில்லை. கிரெயின், டிராம் என்று கற்றவர்கள் பின்னர் மெட்ரிக் அளவுக்கு மாறினர். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். இம்மாற்றத்தில் ஒரு புள்ளி பிசகினும் உயிருக்கு இடர். அப்பிசகு நேராமல் காத்தவர்களைத்தான் ஊரும் உடன் பணியாற்றியோரும் ‘கம்பவுண்டர்’ என்று சற்றே தாழ்ந்த குரலில் அழைத்தனர். 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம் அவர்களுக்குப் பதிவும் தகுதியும் தந்தது. மதிப்பு வர நெடுங்காலம் பிடித்தது.

காசநோய் வரலாறு இங்கே சிறப்பாக நோக்கத்தக்கது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915இல் திறக்கப்பட்ட காசநோய் நிலையம் தென்னிந்தியா முழுவதும் அறியப்பட்டது. அக்காலச் சிகிச்சை என்பது படுக்கை, ஓய்வு, நல்ல காற்று. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு, உரிய மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணம் பெறலாம் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. படுக்கையிலிருந்து வீட்டிற்குச் சிகிச்சை இடம்பெயர்ந்த அந்நாள் முதல், நோயாளி மாதந்தோறும் திரும்பி வருகிறாரா என்னும் கேள்வியே உயிர்க்கேள்வியாயிற்று. இருமல் நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிடும் இயல்பை அதட்டியும் கெஞ்சியும் திருத்தவேண்டிய இடம் மருந்துச் சாளரம். ஆய்வுக் கட்டுரைகளில் இவ்வேலைக்குப் பெயர் உண்டு. செய்தவர்களின் பெயர் இல்லை.

அன்பினால் குறையை மறைப்பதும் முறையன்று. திண்ணையில் அமர்ந்து, மருத்துவர் சீட்டில்லாமல் உறவினருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த மாமாக்களும் இருந்தனர். நல்லெண்ணமே எனினும் நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பொறுத்தவரை அது தீங்கான வழக்கம். 2014 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியல், குறிப்பிட்ட மருந்துகளை யாருக்கு விற்றனர் என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்கக் கடைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆயினும் திண்ணை மாமாவிடம் ஒரு பண்பு இருந்தது: கொடுத்தவர் மறுநாள் வந்து காய்ச்சல் தணிந்ததா என்று கேட்டார். கைப்பேசியில் கேட்டவுடன் மருந்தை வாசலில் வைத்துச் செல்லும் இன்றைய ஏற்பாட்டில் கேட்பதற்கு ஆளில்லை. நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. எந்த மொழியில் என்பதே எல்லை மாவட்டங்களில் எழும் வினா. அட்டையில் அச்சிட்ட ஆங்கிலம் மூதாட்டிக்குப் பயன்படாது.

திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும் 1960 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் மருந்தியலும் கற்பிக்கப்படுகிறது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவரோடு இரண்டு மணிநேரம் அமர்ந்து பேசி, அதனை ஒலிப்பதிவு செய்தால் போதும், பெருஞ்செலவு ஏதுமில்லை. என்ன கலந்தார்கள், எம்மருந்து கிடைக்காமல் தவித்தார்கள், தொற்றுக் காலங்களில் என்ன செய்தார்கள், எம்மொழியில் யாரை எப்படி அதட்டினார்கள் என்பன கேட்கத்தக்கவை. தமிழில் சொல்வோரிடம் தமிழிலேயே கேட்கவேண்டும். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொண்ணூறைத் தொட்டவர்களிடமிருந்து தொடங்குதல் நன்று. அவர்களில் பலருக்கு நேற்று உண்ட உணவு நினைவில்லாமல் இருக்கலாம். கலவைகளின் அளவு நினைவிருக்கிறது.