பட்டா லொறிக்கும் லீவு உண்டு

ஏப்ரல் லீவு, டிசம்பர் லீவு வந்தாப் போதும், பேஸ்புக்கில் ஒரே மாதிரிப் படங்கள் சுத்தும். ஒரு சின்ன பட்டா லொறி. பின்னால் நீலத் தறப்பாள், சோத்துப் பானை, கேஸ் அடுப்பு, சுருட்டிய பாய், நாலு பிள்ளைகள், ஒரு பாட்டி. ஹுன்னஸ்கிரியவில் இருந்து மீமுரே போற பாதையிலோ, ரிவஸ்டன் பக்கமோ எடுத்த படம். கீழே மரக்கறி லோட் வந்திருக்கு என்று ஒரு நக்கல். இவங்களாலதான் நக்கிள்ஸ் நாறுது என்று இன்னொன்று. அதுக்குச் சிரிப்பு எமோஜி போடுறவங்க நம்ம வயசுக்காரங்கதான். அதனாலதான் இதை எழுதுறேன்.

அந்த லொறியில் மற்ற நாட்களில் என்ன போகுது? கட்டுகஸ்தோட்டையில் மரக்கறி, பேக்கரிப் பாண், பெயின்ட் வாளி, கல்யாண வீட்டுக் கதிரை. லீசிங் கட்டிக் கட்டி எடுத்த வண்டி. வீட்டில் இருக்கிற ஒரே வண்டியும் அதுதான். "பிஸ்னஸுக்கு ஒன்று, பெமிலிக்கு ஒன்று" என்று வாங்க எத்தனை பேரால் முடியும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த அஞ்சு வருசத்தில் பழைய கார் விலை எங்கே போய் நின்றது என்று எல்லாருக்கும் தெரியும்.

2022ஐயும் மறக்க வேண்டாம். கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், உழைச்சுச் சாப்பிடுற ஓட்டோவுக்கு 5 லீற்றர். எந்தச் சக்கரம் தேவை, எந்தச் சக்கரம் சொகுசு என்று இந்த நாடு எப்படிக் கணக்குப் போடுது என்பதற்கு அந்த ரெண்டு எண்ணும் போதும்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி. லொறியில் ஆள் ஏறுவது நமக்குப் புதுசா? கொழுந்து ஏற்றின லொறியில்தான் நம்ம ஆட்கள் வேலைக்குப் போனாங்க. நோயாளியையும், பிரசவ வலி வந்த பெண்ணையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பல தோட்டங்களில் அதே லொறிதான். அப்போ எவரும் போட்டோ எடுத்துச் சிரிக்கவில்லை. வேலைக்காக லொறியில் நின்றுகொண்டு போனால் அது இயல்பு. அதே ஆட்கள் சந்தோசத்துக்காக ஏறினால் மட்டும் அது அநாகரிகம். நமக்கு உறுத்துறது லொறி இல்லை. உழைக்கிற குடும்பம் ஓய்வு எடுக்குதே, அதுதான் உறுத்துது.

வேலை வண்டியில் குடும்ப ட்ரிப் போவது தப்பு என்றால், யாருடைய வண்டி, யாருடைய டீசல் என்று முதலில் கேட்கணும். பட்டாக்காரர் தன் வண்டியில், தன் காசுக்கு எண்ணெய் அடிச்சுப் போறார். அரச இலக்கத் தகடு போட்ட டபுள் கெப்பில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போறவர் நம்ம எல்லாருடைய காசில் போறார். 2025இல் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்களை ஏலத்தில் விற்றாங்க. நல்லது. ஆனால் டபுள் கெப்பைப் பார்த்தால் "சேர்" என்று வழிவிட்டு, பட்டாவைப் பார்த்தால் பல்லிளிக்கிற பழக்கத்தை எந்த ஏலத்தில் விற்பது?

குப்பைக் கதைக்கு வருவோம். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் இருக்கா என்று எல்லார் பையையும்தான் பார்க்கிறாங்க. எந்த வண்டியில் வந்தீர்கள் என்று பார்த்து விடுவதில்லை. அதுதான் சரியான முறை. குப்பை போடுறவனைப் பிடியுங்கள். பாய் கட்டிக்கொண்டு வருகிறவன் எல்லாம் குப்பை போடுறவன் என்பது சாதிப் புத்தி மாதிரி ஒரு புத்தி. வீட்டில் இருந்து சோறு கட்டி, பானையைத் திருப்பிக் கொண்டுபோற குடும்பம் மிச்சம் வைக்கிற பிளாஸ்டிக் எவ்வளவு, கடைக்குக் கடை போத்தலும் பெட்டியும் வாங்குற கூட்டம் மிச்சம் வைக்கிறது எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள்.

பாதுகாப்பு என்பது உண்மையான வாதம். மலைப்பாதை வளைவில், பெல்ட் இல்லாமல், திறந்த லொறிக்குள் பிள்ளைகள் உட்கார்ந்து போவது ஆபத்து. அதை நான் நியாயப்படுத்தவில்லை. அளவுக்கு மேல் லொறியில் ஆள் ஏற்றினால் பொலிஸ் தண்டம் போடுவதும் சரிதான். ஆனால் தண்டம் கட்டின குடும்பம் அடுத்த முறை எதில் போறது? ஹோட்டன் சமவெளி வாசலுக்கு வழக்கமான பஸ் கிடையாது. பட்டிப்பொல அல்லது ஒஹிய ஸ்டேஷனில் இறங்கினால், நடக்கணும் இல்லாட்டி வண்டிக்குக் காசு கொடுக்கணும். பஸ் ஓடுற பாதையும் பயம் இல்லாத பாதை இல்லை. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவங்க செத்தாங்க. செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல பக்கம், ட்ரிப் போய்த் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் விழுந்து 15 பேர் செத்தாங்க. பாதுகாப்பு என்று வாய் திறந்தால் பாதை, பிரேக், பெல்ட், ட்ரைவருக்குத் தூக்கம் எல்லாத்தையும் பேசணும். பட்டா லொறியோடு நிறுத்திக்கொண்டால் அது பாதுகாப்புப் பேச்சு இல்லை, வர்க்கப் பேச்சு.

கேட்க வேண்டியவை இருக்கு. லீவு நாட்களில் கண்டியில் இருந்து ஹோட்டன் சமவெளி வாசலுக்கும் நக்கிள்ஸ் பக்கமும் இ.போ.ச. பஸ் விடச் சொல்லிக் கேட்போம். சாதாரணக் குடும்பம் கட்டக்கூடிய கட்டணத்தில், கக்கூசும் தண்ணியும் உள்ள கூடாரமிடம் கேட்போம். சின்ன லொறிக்குப் பெல்ட்டோடு முறையான ஆசனம் பொருத்தி, பரிசோதித்து அனுமதி கொடுக்கிற வழியைக் கேட்போம்.

காடு டபுள் கெப்புக்கு எழுதிக்கொடுத்த சொத்து இல்லை. ஆறு நாள் வெங்காயம் சுமந்த வண்டியில் ஏழாம் நாள் ஒரு பிள்ளை மலை பார்க்கப் போகுதென்றால் அதில் சிரிக்க என்ன இருக்கு? அந்தப் படம் அடுத்த முறை உங்க போனுக்கு வந்தால், எமோஜிக்குப் பதிலாக ஒரு கேள்வி போடுங்கள்: இவங்களுக்குப் பஸ் எங்கே?