மலிவுப் பங்குகள்: தாமதமாகும் நடவடிக்கை

திருவனந்தபுரத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்த திருவாங்கூர் ஸ்டேட் வங்கி, 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. அதன் பங்குகளை வாங்கிய உள்ளூர்வாசிகளுக்கு வங்கியின் நிலை ஓரளவு கண்ணெதிரே தெரிந்தது. கொச்சி பங்குச் சந்தைக்கோ 2014 டிசம்பரிலேயே செபி விடை கொடுத்துவிட்டது. இன்று கேரள முதலீட்டாளருக்குக் கைபேசியே சந்தை. 'பென்னி ஸ்டாக்' எனப்படும் மலிவு விலைப் பங்குகள் பற்றிய தகவலும் அதில்தான் வருகிறது.

அத்தகவல் எத்தகையது என்பதற்கு சாத்னா பிராட்காஸ்ட் விவகாரம் சான்று. அந்நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப் போவதாக 2022 ஜூலையில் யூடியூபில் பொய்யான விடியோக்கள் பரப்பப்பட்டன. இத்தகைய பங்குகளில் அன்றாட வர்த்தகம் சொற்பம். சிலர் தமக்குள் வாங்கி விற்றாலே விலை ஏறிவிடும். சாத்னாவின் சிறு பங்குதாரர்கள் 2,167 பேரிலிருந்து 55,343 பேராகப் பெருகினர். முன்னரே பங்குகளைக் கையில் வைத்திருந்தவர்கள் ஏறிய விலையில் விற்று வெளியேறினர்.

செபியின் இடைக்கால உத்தரவு 2023 மார்ச்சில் வந்தது. இறுதி உத்தரவு 2025 மே மாதத்தில்தான். முறைகேடாக ஈட்டிய ரூ. 58 கோடியை வட்டியுடன் செலுத்துமாறு அதில் கூறப்பட்டது. விசாரணை நுணுக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், விடியோ பரவச் சில நாள்களே போதும். இவ்வாறு வசூலாகும் பணமும் பொதுவாக முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கே செல்கிறது. ஓய்வூதியச் சேமிப்பை இழந்தவரின் கணக்குக்கு அது தானாகத் திரும்பி வருவதில்லை.