ஆஷ்பர்னில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள், பாட்டியின் ரசப்பொடி அளவு, நான்கு தலைமுறை வம்சாவளி. இவற்றை ஏற்றி, உறவுக்காரர்களுக்கு மட்டும் முகவரி கொடுத்த ஒரு குடும்பத் தளத்துக்கு மாதம் நாலாயிரம் வருகை என்று காட்டினால், அதை நடத்தும் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியாதுதான். ஆனால் ஊர்வாரிப் பட்டியலைத் திறந்தால் முதலிடத்தில் மதுரையும் இல்லை, டொரன்டோவும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்ன் இருக்கும். அங்கே நம் சொந்தம் யார் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விசாரணை ஆரம்பிக்கும்.

யாரும் இல்லை. ஆஷ்பர்ன் வட்டாரம் உலகிலேயே தரவு மையங்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடம். அங்கிருந்து வருபவை பெரும்பாலும் ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள். தேடுபொறிக்காகப் பக்கங்களைப் படிப்பவை, செயற்கை நுண்ணறிவுக்கு எழுத்து சேகரிப்பவை, பூட்டு திறந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பவை என்று பல ரகம். 2024-ஆம் ஆண்டின் இணையப் போக்குவரத்தில் 51 விழுக்காடு தானியங்கிகளுடையது என்று இம்பெர்வா என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. சின்னத் தளங்களில் மனிதர்கள் குறைவு என்பதால் பாட்களின் பங்கு இன்னும் தூக்கலாகத் தெரியும்.

சர்வரின் பதிவேட்டைப் பிரித்தால் இது கண்ணெதிரே தெரியும். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஐ.பி. முகவரி, தேதி, நேரம், கேட்ட கோப்பின் பெயர், கொடுத்ததா இல்லையா என்பதற்கு ஓர் எண். 200 என்றால் கொடுத்தாயிற்று, 404 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை. வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளின் பக்கமே போகாத தளத்திலும், அதன் நுழைவுக் கோப்பைக் கேட்டு அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் தட்டி, 404 வாங்கிப் போயிருப்பார். பாட்டியின் ரசம் அவருக்கு எதற்கு? அண்ணி யாருக்காவது சுட்டியை அனுப்பும்போது, முன்னோட்டப் படம் காட்டுவதற்காக வாட்ஸ்அப் பக்கத்தை எடுத்துப் பார்க்கும். அதுவும் ஒரு வரிதான்.

அடுத்த மயக்கம் ‘ஹிட்’, அதாவது பதிவேட்டில் விழும் ஒவ்வொரு வரியும். இருபது படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒரே ஒருவர் திறந்தால் குறைந்தது இருபத்தொரு ஹிட் விழும். கல்யாணத்தில் இலையை எண்ணாமல், இலையில் விழுந்த பதார்த்தங்களை எண்ணி அத்தனை விருந்தினர் என்று சொல்வது போன்ற கணக்கு இது. தொண்ணூறுகளில் நிறுவனங்கள் இந்த எண்ணைத்தான் மார்தட்டிக்கொண்டு சொல்லின.

ஆள் கணக்கு எடுப்பது அன்றே சிக்கலாகத்தான் இருந்தது. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் 1995-இல் எழுதிய ‘அனலாக்’ என்ற இலவச நிரல், இந்தப் பதிவேடுகளைக் கூட்டிக் கழித்துச் சொல்லும். அதன் விளக்க ஏட்டிலேயே, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்று அவர் எழுதிவைத்தார். விற்பனைக்கு வந்த மென்பொருள்கள் இந்த நேர்மையைப் பின்பற்றவில்லை.

ஒருவரையே திரும்ப அடையாளம் காண வந்ததுதான் குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி உருவாக்கிய இதன் முதல் வேலையே, தங்கள் தளத்துக்கு வருபவர் முன்பே வந்தவரா என்று பார்ப்பது. அது பிரவுசரில்தான் உட்காரும்; ஆளைத் தெரியாது. மாமா வீட்டில் கணினியிலும் பேருந்தில் போனிலும் பார்த்தால் இரண்டு மாமா. ஆப்பிள் நிறுவனம் 2019-இல் சஃபாரி பிரவுசரில், பக்கத்தில் ஓடும் நிரல் வைக்கும் குக்கீக்கு ஏழு நாள் ஆயுள் என்று வரம்பு கட்டியது. வருகையை எண்ணித் தரும் கூகுள் அனலிடிக்ஸ் சேவையின் குக்கீயும் வழக்கமாக அந்த ரகம்தான். பத்து நாளைக்கு ஒருமுறை ஐபோனில் எட்டிப் பார்க்கும் அத்தை, ஒவ்வொரு முறையும் புதியவராகப் பதிவாவார்.

அனலிடிக்ஸின் பழைய பதிப்பில் இன்னொரு கூத்து. அடுத்த பக்கத்தைத் திறக்கும் நேரத்தை வைத்துத்தான் முதல் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அது கணித்தது. ஒரே பக்கத்தை அரைமணி நேரம் கண்ணீரோடு படித்துவிட்டு மூடிய பெரியம்மாவுக்குப் பூஜ்யம் வினாடி! 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதிப்பு கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போதைய ஜிஏ4, பத்து வினாடிக்கு மேல் இருந்தாலே ஈடுபாட்டோடு பார்த்தவர் என்று ஏற்றுக்கொள்கிறது. தெரிந்த பாட்களைக் கழித்தும் விடுகிறது. மனித வேஷம் கட்டி வருபவை தப்பிவிடும்.

ஊர்ப் பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கான்சஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்று சாட்சி. ஐ.பி. முகவரிக்கு ஊர் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், அமெரிக்கா என்பதற்கு மேல் விவரம் கிடைக்காத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைத் தோராயமாக 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று குறித்துவைத்தது. அந்தப் புள்ளி விழுந்தது இந்த வீட்டு நிலத்தில். 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அங்கே போய்க் குவிந்தன. இணைய மோசடிக்காரனைத் தேடிப் போலீஸ், வரி அதிகாரிகள், ஏமாந்து கொதித்தவர்கள் என்று ஆண்டுக்கணக்கில் வாசலில் ஆள் வந்தபடி இருந்தது. குடியிருந்தவர்களுக்கு ஏன் என்றே விளங்கவில்லை. 2016-இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டித் துருவிய பிறகே நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தியது. நம் ஊர்க் கணக்கும் இப்படித்தான் வழுக்கும். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவரைச் சென்னைக்காரர் என்று காட்டுவது சாதாரணம்.

ஆக, எதைத்தான் பார்ப்பது? மொத்த எண்ணை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது என்று பார்க்கலாம். திவசத் தேதிப் பட்டியல் மாதாமாதம் திறக்கப்பட்டால் அதை யாரோ நம்பியிருக்கிறார்கள். தப்பில்லாமல் வைத்திருக்க வேண்டும். வருகை எங்கிருந்து என்ற பட்டியலில் ‘டைரக்ட்’ என்று வருவதில் பெரும்பங்கு வாட்ஸ்அப் சுட்டியாக இருக்கலாம், ஏனெனில் அங்கிருந்து வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூட வராது. முன்பின் தெரியாத தளத்திலிருந்து திடீரென்று நூறு பேர் வந்ததாகக் காட்டினால் அந்தச் சுட்டியைச் சொடுக்க வேண்டாம். தளக்காரரின் ஆர்வத்தைத் தூண்டி வரவழைக்கவே விடப்படும் பொய் வருகை அது.

குழந்தைகளின் படமும் வீட்டு முகவரியும் பிறந்த தேதியும் தளத்தில் இருக்கும் என்றால், இந்த வாரமே கடவுச்சொல் போட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களுக்குப் போனில் சொன்னால் போதும். அடுத்த மாதம் நாலாயிரம் நாற்பதாகச் சரிந்திருக்கும். சித்தப்பா பதற வேண்டாம். முன்பும் வந்தவர்கள் ஏறக்குறைய அந்த நாற்பது பேர்தான்.